எந்தத் தவுங்?

அதிகம் விற்ற ஆல்பம் எது என்று ரசிகர்கள் போடும் சண்டையை நான் பல வருஷம் தள்ளி நின்று பார்த்திருக்கிறேன். யாங்கோனில் அந்தச் சண்டைக்கு முடிவு கிடையாது. காரணம், யாரும் எண்ணவில்லை. கேசட் காலத்தில் தயாரிப்பாளர் சொன்னதுதான் எண், அவருக்குத் தோன்றியதைத்தான் அவரும் சொன்னார். சில கேசட்டுகள் கடைக்கு வரும்போதே 'அமோக விற்பனை' என்ற பட்டையோடு வந்தன. ஒன்றுகூட விற்பதற்கு முன்பே அமோகமாக விற்றிருந்தன.

என் தோழி முகநூலில் ஒரு பாடகியின் ரசிகர் பக்கத்தை நடத்துகிறாள். பாடகி பர்மியர். நாங்கள் இருவரும் யாங்கோனின் தாமுவே பகுதியில் ஒரே தெருவில் வளர்ந்த தமிழ்ப் பெண்கள். பாடகியின் முதல் ஆல்பம் வந்தபோது நாங்கள் பள்ளியில் இருந்தோம். கேசட்டுக்குப் பர்மியத்தில் 'குவே' என்பார்கள். எங்கள் வீட்டுத் தமிழிலும் அது குவேதான். தோழியின் வீட்டில் ஒரு குவே இருந்தது, எங்கள் வீட்டில் அதைப் போட ஒரு பெட்டி இருந்தது. ஆகவே அவள் தினமும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிறகு நான் ஒரு பர்மிய வார இதழில் துணையாசிரியராகச் சேர்ந்து, இதழ் நிற்கும்வரை அங்கேயே இருந்தேன். இப்போது இந்திய சீரியல்களுக்குப் பர்மிய வசன வரிகள் எழுதுகிறேன். அவள் திருமணம் செய்துகொண்டாள், பிள்ளைகளை வளர்த்தாள், பாடகியை மட்டும் விடவில்லை.

எதிர்ப் பக்கம் ஒன்று உண்டு. அதே பருவத்தில் ஆல்பம் வெளியிட்ட ஒரு பாடகருடைய ரசிகர்கள் அதை நடத்துகிறார்கள். அவருடைய ஆல்பம் இரண்டு கேசட்டுகளாக வந்தது. விற்பனையைச் சொல்லும்போது அவர்கள் இரண்டையும் தனித்தனியாக எண்ணுகிறார்கள் என்பது தோழியின் நீண்ட காலக் குற்றச்சாட்டு. "ஒரு ஜோடி செருப்பு வாங்கினால் இரண்டு செருப்பு விற்றது என்பீர்களா?" என்று ஒருமுறை எழுதினாள். அவர்கள் பதிலுக்கு, "உங்கள் ஆளுக்கு ஒற்றைச் செருப்புதானே கிடைத்தது" என்று எழுதினார்கள்.

த்வாண்டேயிலிருந்து ஒரு பெண் எங்கள் பாடகிக்காகச் சாட்சி சொல்ல வந்தாள். அவள் அப்பா கால்வாயில் பானை ஏற்றிப் படகு ஓட்டியவர். படகில் அந்த ஒரு குவேதான் இருந்ததாம், நாடா இழுபடும்வரை அதுவேதான் ஓடியதாம், இரு கரையிலும் இருந்தவர்கள் கேட்டார்களாம். அத்தனை பேரையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா என்று கேட்டாள். எதிர்ப் பக்கத்திலிருந்து ஒருவர், "பானைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவற்றுக்கும் காது இருக்கிறது" என்று எழுதினார். இந்த மாதிரி சண்டை என்றால் எனக்குப் பிடிக்கும். யாருக்கும் எதுவும் போகாத சண்டை.

அப்புறம் ஓர் இசை நிறுவனம், அந்தக் காலத்தில் அதிகம் விற்ற ஆல்பத்தைப் புதிதாக வெளியிடப்போவதாக அறிவித்தது. எது என்பதைத் தீர்மானிக்க, ரசிகர்கள் தங்களிடம் உள்ள ஆதாரத்தைத் தரலாம் என்றும் சொன்னது. தோழி அன்றைக்கே என் வீட்டுக்கு வந்தாள்.

"தின்கன்ஜூன்ல ஒரு பாய் இருக்காருடி. அந்தக் குவேவக் கடைகளுக்கு அனுப்பினதே அவருதான். அவரு வாயால ஒரு நம்பர் வந்தா போதும்."

"நீயே போய்க் கேளேன்."

"போனேன். பேச மாட்டேன்னுட்டாரு. ஏற்கனவே யாரோ போயி, அவரு சொல்லாததயெல்லாம் போட்டு வெச்சிருக்காங்க. நீ பத்திரிகைக்காரி. உன்கிட்ட பேசுவாரு."

அவர் என்னிடம் பேசினார். தின்கன்ஜூனில் மகன் நடத்தும் கைப்பேசி உறைக் கடையின் உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லொஞ்சி. குடும்பம் ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து வந்தது என்றார். அவர் அந்த ஊரைப் பார்த்ததில்லை. நான் இன்னார் என்று சொன்னதும் என்னைச் 'சயாமா' என்று அழைத்தார். ஆசிரியைகளுக்கும் படித்த பெண்களுக்கும் இங்கே கொடுக்கும் மரியாதை அது. தேநீர் வந்தது. நான் கைப்பேசியை மேஜைமேல் வைத்து, பதிவு செய்யலாமா என்று கேட்டேன்.

"செய்யுங்க. ஒரு விஷயம் மட்டும். நா சொன்னது சொன்னபடி வரணும். கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்."

"என் பேர்ல சொல்றேன் பாய். சொன்னபடி வரும்."

அந்த வாக்கு என் பெயரின்மேல் கொடுத்தது. இத்தனை வருஷ வேலையில் நான் சேர்த்ததும் அந்த ஒன்றுதான்: இவள் கையால் வந்தால் சரியாக இருக்கும் என்று சிலர் நம்புவது.

அவர் நிறையப் பேசினார். எந்தக் கடைக்காரர் நேர்மையானவர், யார் அட்டையை மட்டும் மாற்றி வேறு பாடகரின் குவேயை விற்றவர், மழைக்காலத்தில் நாடா எப்படி ஒட்டிக்கொள்ளும். கடைசியில் கேட்டேன்.

"உங்க கையால எத்தன குவே வெளிய போயிருக்கும் பாய்?"

"நம்ம கையாலயா? ஙா தவுங் போச்சு சயாமா. ஙா தவுங்."

'ஙா' என்றால் ஐந்து. அதில் குழப்பமில்லை. குழப்பம் 'தவுங்'கில் இருக்கிறது. பர்மியத்தில் ஆயிரத்துக்கு ஒரு சொல், பத்தாயிரத்துக்கு ஒரு சொல். முதலாவதில் நாக்கு பல்லுக்குப் பின்னால் முட்டி நிற்கும், குரல் தாழும். இரண்டாவதில் நாக்கு நுனி பற்களுக்கு இடையே வந்து காற்றைக் கசியவிடும், குரல் உயரும். பர்மியர் காதுக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். எங்கள் பெரியவர்கள் நாக்கில் இரண்டும் ஒரே தகரமாக விழும். தமிழில் எழுதினாலும் ஒரே எழுத்துதான். சந்தையில் இதனால் யாரும் ஏமாந்ததில்லை, ஏனென்றால் பொருளைப் பார்த்தாலே எந்தத் தவுங் என்று தெரிந்துவிடும். விற்று முடிந்து மறைந்துபோன கேசட்டுகளைப் பார்க்க முடியாது. ஆகவே கேட்டேன்.

"எந்தத் தவுங் பாய்? ஆயிரமா, பத்தாயிரமா?"

சிரித்தார். "பத்தாயிரக் கணக்குல போயிருந்தா நா ஏன் இங்க போன் சட்டைக்கு நடுவுல ஒக்காந்திருக்கேன்? ஆயிரந்தான் சயாமா. அஞ்சாயிரம். அப்போ அதுவே பெரிசு. ஒருத்தன் ஒண்ணு வாங்கிட்டுப் போயி வீட்ல வெச்சு ஒம்பது அடிப்பான். அந்தக் கள்ளக் குவே எல்லாம் சேத்தா அந்தப் பாட்டு போகாத ஊரு இல்ல. ஆனா நம்ம கணக்கு அஞ்சாயிரம். ரெண்டையும் சேத்துப் போடுங்க. வெறும் அஞ்சாயிரம்னா, பாட்டு ஓடலேன்னு நெனச்சுக்குவான்."

இது நல்ல சாட்சியம். எண் சிறியது, ஆனால் ஏன் சிறியது என்ற காரணம் எண்ணைவிடப் பெரியது. வீடு திரும்பியதும் முழு ஒலிப்பதிவையும் தோழிக்கு அனுப்பினேன். கூடவே பர்மிய எழுத்தில் ஒரு குறிப்பு: இவர் கையால் போனது ஐயாயிரம், திருட்டுப் பிரதிகள் இதில் சேராது, இரண்டையும் சேர்த்தே வெளியிட வேண்டும், அது அவருடைய நிபந்தனை. அவள் ஓர் இதயக் குறி அனுப்பினாள்.

பதிவு அந்த வாரமே வந்தது. முகநூலுக்கு இங்கே தடை, விபிஎன் போட்டும் மெதுவாகத்தான் திறந்தது. முதலில் படம் வந்தது. நான் எடுத்துக் கொடுத்த படம், பாய் தேநீர்க் கோப்பையோடு. பிறகு ஒலி. நிறையப் பேசியவர் சில நொடிகளுக்குச் சுருங்கியிருந்தார். "ஙா தவுங் போச்சு சயாமா. ஙா தவுங்." அங்கே நின்றது. என் கேள்வி இல்லை. அவர் சிரிப்பு இல்லை. கீழே பர்மிய வசன வரியில் பத்தாயிரத்துக்கான சொல் போடப்பட்டிருந்தது. ஐம்பதாயிரம். அதற்கும் கீழே என் பெயரும், நான் வேலை பார்த்த இதழில் என் பதவியும், 'நேரில் சென்று உறுதி செய்தார்' என்ற வரியும்.

நான் அந்தத் துண்டைப் பலமுறை கேட்டேன். வெட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று தேடினேன். 'தவுங்' முடிந்து நான் மூச்சு இழுக்கும் ஒலி கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அடுத்து 'எந்த' என்று வர வேண்டும். தெரியாமல் வெட்டியவர் அந்த இடத்தில் வெட்டியிருக்க முடியாது. பர்மியம் மட்டும் தெரிந்த ஒருவருக்கு அங்கே வெட்டினால் என்ன கிடைக்கும் என்று தெரியாது. இரண்டு தவுங்கும் ஒன்றாக ஒலிக்கும் வீட்டில் வளர்ந்தவளுக்குத்தான் தெரியும்.

பிறகு கருத்துகளைப் படித்தேன். எதிர்ப் பக்கத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். "பெரியவர் ஆயிரம் என்கிறாரா, பத்தாயிரம் என்கிறாரா? வாயில் பருப்பு இருக்கிறதா?" என்று ஒருவர். "பருப்பைத் துப்பச் சொல்லி மறுபடி பதிவு செய்யுங்கள்" என்று இன்னொருவர். அதற்குச் சிரிப்புக் குறிகள். பருப்பு என்பது இங்கே இந்திய வம்சாவளியினரைக் கேலி செய்யும் சொல். பக்கத்தின் பெயரில் தோழி பதில் எழுதியிருந்தாள். அவளும் ஒரு சிரிப்புக் குறி போட்டிருந்தாள். "அவர்கள் நாக்கு அப்படித்தான், என்ன செய்வது? பத்தாயிரம் என்றுதான் சொல்கிறார். அவர்கள் மொழி தெரிந்த பத்திரிகையாளர் உறுதி செய்துவிட்டார்."

அவர்கள் நாக்கு. அவர்கள் மொழி.

அந்தப் பக்கத்தில் அவளுக்குப் பர்மியப் பெயர். அதில் தவறொன்றும் இல்லை. எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு இரண்டு பெயர் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் பெயரை மாற்றிக்கொள்வது ஒன்று, நின்ற இடத்திலிருந்து நகர்ந்து நின்று நம்மைப் பார்த்து 'அவர்கள்' என்பது வேறு. எண்ணை மாற்றியதைவிட அது எனக்குள் அதிக நேரம் நின்றது. செய்தியாளர் புத்தி, எது முக்கியம் என்று கேட்டது. எனக்கு முக்கியமாக இருக்க வேண்டியது எண்தான். பாய்க்கு நான் கொடுத்த வாக்கு எண்ணைப் பற்றியது.

அவள் தெருமுனைத் தேநீர்க் கடையில் சந்தித்தோம். சிறிய ஸ்டூல்கள், மேஜையில் இ-ச்சா-க்வே தட்டு, அந்த நீள வறுத்த மாவுத் துண்டுகள். மின்சாரம் இல்லாததால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது.

"என்னடி, மூஞ்சி இப்படி இருக்கு? பாத்தியா, எத்தன பேரு ஷேர் பண்ணியிருக்காங்க?"

"என் கேள்வி எங்க?"

"எந்தக் கேள்வி?"

"எந்தத் தவுங்னு கேட்டேனே, அந்தக் கேள்வி."

அவள் மாவுத் துண்டைத் தேநீரில் நனைத்தாள். "நீளமா இருந்துச்சு. நெட்ல யாரு அவ்வளவு நேரம் கேப்பா? நீ மட்டும் பத்திரிகையில என்ன பண்ணின, வெட்டினதுதானே?"

"வெட்டினா அர்த்தம் மாறக் கூடாது. அதான் வேலையே."

"அர்த்தம் என்ன மாறிடுச்சு இப்போ? கள்ளக் குவே எல்லாம் சேத்தா அம்பதாயிரத்துக்கு மேலதான் வரும். அவரே சொல்லியிருக்காரு, போகாத ஊரு இல்லேன்னு. நா பொய் சொல்லல, கூட்டிச் சொல்லியிருக்கேன்."

"அப்போ அதச் சொல்லு. கள்ளக் குவேயோட சேத்துன்னு போடு."

"அப்புறம் எதிர்ப் பக்கம் விடுவாங்களா? கள்ளக் குவே கணக்கே இல்லேம்பாங்க. நீ நியாயமா இருந்துக்கோ, அவங்க ஜெயிச்சுட்டுப் போகட்டும். அதானே?" அவள் குரல் இறங்கியது. "கம்பெனிக்காரங்க கூப்பிட்டாங்கடி. நம்ம ஆல்பந்தான் வருது. அட்டையில நன்றின்னு நம்ம பக்கத்துப் பேரு. வெளியீட்டு விழாவுல பாடகி பக்கத்துல நிப்பேன். மேடையில. சின்ன வயசுலேந்து உனக்குத் தெரியாதா நா எதுக்கு ஏங்கினேன்னு?"

தெரியும். எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

"என் பேர ஏன் போட்ட?"

"உன் பேருக்கு மதிப்பு இருக்கு. அதான்." இதை அவள் பாராட்டாகச் சொன்னாள்.

"'அவர்கள் நாக்கு'ன்னு எழுதியிருக்க."

அவள் கடைக்காரரிடம் இன்னொரு தேநீர் சொன்னாள், சுத்தமான பர்மியத்தில், நாக்கு நுனி இருக்க வேண்டிய இடத்தில் இருக்க. பிறகு என் பக்கம் திரும்பினாள். "வேற எப்படி எழுதச் சொல்ற? எங்க நாக்குன்னா? அந்தப் பக்கத்துல நா தமிழ்க்காரின்னு தெரிஞ்சா நாளைக்கு என் வாயிலயும் பருப்புதான். இந்தப் பாடகி உனக்கென்னன்னு கேப்பான். நீ ஆபீசுல உக்காந்து எழுதின. உன் குரல யாரும் கேக்கல. உனக்கு இது புரியாது."

அவள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் நான் கேட்கப் போனது அதுவல்ல. முழு ஒலியையும் போடச் சொன்னேன். முடியாது என்றாள். நானே என் பக்கத்தில் போடுவேன் என்றேன்.

"போடு. எதிர்ப் பக்கந்தான் மொதல்ல எடுத்துக்குவான். அஞ்சாயிரம் மட்டும் எடுத்துக்குவான், கள்ளக் குவேவ வெட்டிடுவான். அப்போ பாட்டு ஓடலேன்னு பாயே சொன்னாரும்பான். பரவாயில்லையா?"

இந்தத் தொழிலை நான் கற்றுக்கொண்ட வேகத்தில் அவளும் எங்கோ கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

போடுவதற்கு முன் பாயிடம் கேட்பதுதான் முறை. பஸ் பிடித்து தின்கன்ஜூன் போனேன். போகும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் பேச்சை வெட்டிவிட்டார்கள், நான் கொடுத்த வாக்கு என் கையால் கெடவில்லை, ஆனாலும் கெட்டுவிட்டது.

கடை மாறியிருந்தது. கண்ணாடியில் பாயின் படம் பெரிதாக அச்சடித்து ஒட்டப்பட்டிருந்தது. தேநீர்க் கோப்பையோடு நான் எடுத்த அதே படம். அதன்கீழ் பர்மியத்தில் 'ஐம்பதாயிரம் குவேக்களின் மனிதர்'. உள்ளே இரண்டு இளம் பெண்கள் அவரோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த கேக் பெட்டி நாற்காலியில் இருந்தது. அவர் தலையில் புதுத் தொப்பி. அவர்கள் போகும்வரை காத்திருந்தேன். போகும்போது ஆளுக்கொரு கைப்பேசி உறை வாங்கினார்கள்.

"வாங்க சயாமா, வாங்க! ஒங்களாலதான் எல்லாம். மாந்தலேலேந்துகூட போன் பண்றாங்க."

"பாய், அதப் பத்தித்தான் பேச வந்தேன். நீங்க சொன்னதப் பாதியில வெட்டிப் போட்டிருக்காங்க. நீங்க சொன்னது அஞ்சாயிரம்."

அவர் மகன் இருந்த பக்கம் ஒரு முறை பார்த்தார். "பத்தாயிரக் கணக்குதானே சொன்னேன்."

"ஆயிரம்னு தமிழ்ல சொன்னீங்க. நா கேட்டேன், நீங்க தமிழ்லயே சொன்னீங்க."

"அதான் விஷயம்." விரலை உயர்த்தினார். "தமிழ்ல நமக்குக் கணக்கு வராது சயாமா. பொறந்ததுலேந்து கணக்கெல்லாம் பர்மா பாஷைலதான். தமிழ்ல சொன்னதுதான் தப்பா வந்திருக்கும். மொதல்ல சொன்ன ஙா தவுங்தான் சரி."

"எந்தத் தவுங்?"

அவர் மெதுவாக, நாக்கைப் பற்களுக்கு இடையே வைத்து, காற்றைக் கசியவிட்டு, குரலை உயர்த்தி, பத்தாயிரத்தின் சொல்லைச் சொல்லிக் காட்டினார். முயற்சி தெரிந்தது. யாரோ பழக்கிக் கொடுத்திருந்தார்கள்.

"சொன்னது சொன்னபடி வரணும்னு என்கிட்ட கேட்டீங்க பாய்."

"வந்திருக்கே," என்றார். கேக்கை ஒரு துண்டு வெட்டிக் காகிதத்தில் வைத்து நீட்டினார். "அந்த மிச்சப் பேச்ச அழிச்சிடுங்க. எதுக்கு வெச்சுக்கிட்டு?"

கேக்கை வாங்கிக்கொண்டேன். வாங்காமல் இருப்பது மரியாதை இல்லை. வெளியே வந்து, நடந்ததைச் செய்தியாக எழுதினால் எப்படி வரும் என்று பார்த்தேன். பேட்டி கொடுத்தவர் தன் கூற்றை மறுக்கிறார். வெளியிட்டவர் திருத்த மறுக்கிறார். மிச்சம் இருப்பது பேட்டி எடுத்தவர் மட்டும். முழு ஒலியை வெளியிட்டால் பாயைப் பொய்யர் என்று சொல்வதாகும், அதுவும் அவரைத் தேடி மனிதர்கள் வரத் தொடங்கிய நேரத்தில். அவர் ஒருவேளை முதல் நாள் உண்மை சொன்னதே யாரும் கொண்டாட வராததால்தானோ என்னவோ. வெளியிடாவிட்டால் அந்த எண்ணுக்கடியில் என் பெயர் நிற்கும்.

தோழிக்கு ஒரே வரி அனுப்பினேன்: என் பெயரை எடுத்துவிடு. ஒலியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் அழைத்தாள். "எடுத்துட்டேன்டி. பாரு."

பார்த்தேன். என் பெயரும் பதவியும் இருந்த இடத்தில் 'நம்பத்தகுந்த வட்டாரம் உறுதி செய்தது' என்று இருந்தது. எங்கள் இதழின் செய்தி மேஜையில் அந்தச் சொல்லை எளிதில் அனுமதிக்க மாட்டார்கள். அந்த வட்டாரம் யார் என்று ஆசிரியரின் காதில் சொல்லியாக வேண்டும். இங்கே வட்டாரம் நான்தான், நான் சொன்னது அதுவல்ல. ஐம்பதாயிரம் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. எதிர்ப் பக்கம் அன்று மதியம் தன் பாடகருக்கு அறுபதாயிரம் என்று போட்டது. அங்கேயும் நம்பத்தகுந்த வட்டாரம்.

"இப்ப கோபம் போச்சா? விழாவுக்கு வந்துடு. மொத வரிசையில ஒனக்கு நாற்காலி போட்டு, பேரு ஒட்டச் சொல்லியிருக்கேன்."

"எந்தப் பேரு?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். நான் கூடச் சிரிக்காததைக் கவனித்தபின் நிறுத்தினாள். ஜெனரேட்டர் சத்தம் கேட்டது, பிறகு அவள் பிள்ளை எதையோ பர்மியத்தில் கேட்பது. "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். விழாவுக்கு நான் போகவில்லை. மேடையில் பாடகியின் பக்கத்தில் அவள் நிற்கும் படத்தை முகநூலில் பார்த்தேன். நன்றாக இருந்தாள்.